கோரலைன் பாசி மேலிருந்து வெளுத்துக்கொண்டே வருகிறது: கால்சியம் ஊற்றலாமா?

உவர்க்கரை (சிங்கப்பூர்)

வணக்கம். என் கடல்நீர் மீன்தொட்டி 90×45×45 செ.மீ., கீழே சம்ப் (நீரை வடிகட்டும் துணைத்தொட்டி). கல்லும் மணலும் போக நிகர நீர் 180 லிட்டர். ஓடத் தொடங்கி 14 மாதம். மென்பவளங்கள் மட்டும்தான். இரண்டு க்ளவுன் மீன், ஒரு ராயல் கிராமா, ஒரு டக்சிடோ அர்ச்சின் (கடல் முள்ளெலி), பத்து ட்ரோக்கஸ் நத்தை.

ஆறாம் மாதத்திலிருந்து பின்கண்ணாடி, கற்கள், பம்பு என எல்லா இடத்திலும் கோரலைன் (சுண்ணாம்பு ஓடாகப் படியும் பாசி) நன்றாகப் படர்ந்து நாவல்பழ நிறத்தில் இருந்தது. ஐந்து வாரமாக வெளுக்கிறது. கற்களின் மேல்முகம் முதலில் இளஞ்சிவப்பாகி இப்போது சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிட்டது. பின்கண்ணாடியிலும் மேற்பகுதி வெள்ளை. கல்லின் அடிப்பக்கமும் பம்பின் முதுகும் மட்டும் பழைய நிறத்திலேயே இருக்கின்றன.

அண்மையில் மாற்றியவை: நான்கு டி5 குழல்விளக்கை எடுத்துவிட்டு எல்இடி மாட்டி ஆறு வாரம். கண்ணாடியில் படியும் பச்சைப் படலத்துக்காக ஜிஎஃப்ஓ ரியாக்டர் (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகள் உள்ள குழல்) இரண்டு மாதமாக ஓடுகிறது. நீர் மாற்றம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 30 லிட்டர். முன்பு சம்பிலிருந்து எடுப்பேன். இப்போது மணலையும் சேர்த்து உறிஞ்சுவதற்காகத் தொட்டியிலிருந்தே எடுக்கிறேன். வெளுக்கத் தொடங்கிய பிறகு தினமும் காலையில் காரத்தன்மை ஏற்றும் பஃபர் பொடி ஒரு தேக்கரண்டி போடுகிறேன்.

நேற்றைய அளவுகள்: வெப்பம் 26.5, அடர்த்தி 1.025 (முள் ஆடும் ஹைட்ரோமீட்டர்), ஆல்கலினிட்டி (நீரின் கார்பனேட் காரத்தன்மை, சுருக்கமாக ஆல்க்) 11.2 டிகேஎச், கால்சியம் 360 பிபிஎம் (லிட்டருக்கு மி.கி.), மக்னீசியம் 1140, நைட்ரேட் 1, பாஸ்பேட் 0. ஆவியாகும் நீர் நாளுக்கு 3 லிட்டர், ஆர்ஓ/டிஐ நீரால் (சவ்வாலும் பிசினாலும் உப்பு நீக்கிய நீர்) ஈடுசெய்கிறேன்.

கால்சியம் குறைவாக இருப்பதால் கால்சியம் குளோரைடு கரைசல் வாங்கி வைத்திருக்கிறேன். கோரலைன் வளர்ப்பதற்கென்றே ஒரு புட்டியும் கடையில் பார்த்தேன். எதை, எவ்வளவு ஊற்ற?

————

பவழத்திட்டு

இரண்டையும் இப்போதைக்கு ஊற்ற வேண்டாம். உங்கள் எண்களிலேயே ஒரு விஷயம் கண்ணில் படுகிறது.

35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்புள்ள கடல்நீரில் கால்சியம் 410, மக்னீசியம் 1290 அளவில் இருக்கும். உங்களிடம் 360, 1140. இரண்டும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில், கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு குறைந்திருக்கின்றன. கோரலைனும் பவளமும் உறிஞ்சியதால் குறைந்தது என்றால் கால்சியம்தான் சட்டென்று இறங்கும். மக்னீசியம் இவ்வளவு இறங்கப் பல மாதம் ஆகும். இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உப்பை. 31 பிபிடி நீரில் மக்னீசியம் 1290×31/35, அதாவது 1142. கால்சியம் 363. உங்கள் எண்கள் அப்படியே பொருந்துகின்றன.

ஆடும் முள் ஹைட்ரோமீட்டரில் ஒரே ஒரு காற்றுக்குமிழி முள்ளில் ஒட்டினாலும் அது முள்ளைத் தூக்கிவிடும், அடர்த்தி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளிவிலகலால் உப்பை அளக்கும் கருவி) ஒன்று கடன் வாங்கியாவது பாருங்கள். அதையும் ஆர்ஓ நீரில் பூஜ்யம் வைத்தால் போதாது. பூஜ்யத்தில் சரியாக நிற்கும் கருவி 35இல் இரண்டு மூன்று பிபிடி பிசகலாம். 35 பிபிடி அளவைத்திரவம் வைத்துத்தான் திருக வேண்டும். கிடைக்காவிட்டால் அயோடின் சேர்க்காத சுத்தமான சோடியம் குளோரைடு 36.5 கிராமை 963.5 கிராம் ஆர்ஓ/டிஐ நீரில் கரையுங்கள். அதன் ஒளிவிலகல் 35 பிபிடி கடல்நீருக்குச் சமம். நகைத்தராசில் நிறுத்தால் போதுமான துல்லியம் வரும்.

உப்பு குறைவு என்று உறுதியானால் ஒரேயடியாக ஏற்றாதீர்கள். ஆவியாகும் 3 லிட்டருக்கு நன்னீருக்குப் பதிலாக 35 பிபிடி உப்புநீர் ஊற்றுங்கள். 3 லிட்டரில் 105 கிராம் உப்பு, அது 180 லிட்டரில் நாளுக்கு 0.58 பிபிடி ஏற்றும். 31இலிருந்து 35 வர ஒரு வாரம். மீனுக்கும் பவளத்துக்கும் அதிர்ச்சி இல்லை. தரமான உப்பானால் கால்சியமும் மக்னீசியமும் தாமாகவே 405, 1285 பக்கம் வந்துவிடும். இப்போதே கால்சியத்தை 420க்கு ஏற்றிவிட்டு அப்புறம் உப்பைச் சரிசெய்தால் 475க்குப் போய் நிற்பீர்கள்.

பஃபரை இன்றே நிறுத்துங்கள். கோரலைன் தன் செல்சுவரில் கட்டுவது மக்னீசியம் மிகுந்த கால்சைட். அதற்குக் கால்சியம், மக்னீசியம், கார்பனேட் மூன்றும் வேண்டும். 11.2 ஆல்க் என்பதே நஞ்சல்ல. ஆனால் தினமும் காலை ஒரே நொடியில் ஒரு கரண்டி விழுந்து, மாலைக்குள் இறங்கி, மறுநாள் மறுபடி ஏறுவது கெடுதல். கரண்டி விழும் இடத்தில் பிஎச் எகிறும். மக்னீசியம் குறைந்த நீரில் கால்சியம் கார்பனேட் பாசிக்குப் போகாமல் ஹீட்டர்மேலும் பம்பின் சுழலியிலும் தானே படியும். ஹீட்டரைத் தொட்டுப் பாருங்கள், சொரசொரப்பாக வெள்ளைப் பொருக்கு இருக்கும். மணல் கட்டிதட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான்கு நாள் பஃபர் இல்லாமல், தினமும் ஒரே நேரத்தில் ஆல்க் அளந்து எழுதுங்கள். உங்கள் தொட்டி நாளுக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று தெரியாமல் எந்த மருந்தளவும் சொல்ல முடியாது.

————

நீலவெளிச்சம்

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் உப்பு மட்டுமே காரணமென்றால் நிழலில் இருக்கும் பாசியும் சேர்ந்து வெளுத்திருக்க வேண்டும். கல்லின் அடிப்பக்கம் நாவல்பழ நிறத்திலேயே இருக்கிறது என்கிறீர்கள். நீர் எல்லா இடத்திலும் ஒன்றுதான், இடத்துக்கு இடம் மாறுவது ஒளிதான். கல்லின் மேல்முகத்துக்கு நான் கைகாட்டுவது எல்இடியை.

கோரலைன் செம்பாசி இனம். அதன் ஃபைகோஎரித்ரின் நிறமி நீலப்பச்சை ஒளியைப் பிடிக்கும், ஆழத்துக்கு எட்டுவது அந்த ஒளிதான். பஹாமாஸில் சான் சால்வடோர் அருகே 268 மீட்டர் ஆழத்தில், மேற்பரப்பு வெயிலில் மிகச் சொற்பமே எட்டும் இடத்தில், பாறையில் படர்ந்த கோரலைனை 1980களில் நீர்மூழ்கியிலிருந்து கண்டார்கள். எதிர்க்கோடியில், பசிபிக் பவளத்திட்டுகளின் விளிம்பில் உச்சிவெயிலில் அலை மோதும் இடத்திலேயே வளரும் இனங்களும் உண்டு. உங்கள் தொட்டியில் ஆறு மாதத்துக்குமேல் டி5 ஒளியில் வளர்ந்தது அந்த ஒளிக்குப் பழகியது. அதன்மேல் ஒரே நாளில் இரண்டு மூன்று மடங்கு ஒளி விழுந்தால் நிறமியை இழக்கும்.

எல்இடியை இப்போது எத்தனை சதவீதத்தில் ஓட்டுகிறீர்கள்? பார் மீட்டர் (பாசிக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் கருவி) கிடைத்தால் கல்லின் உச்சியில் வைத்து அளவெடுங்கள். இந்தப் பாசிக்கு 50 முதல் 100 பார் தாராளம். மீட்டர் இல்லையென்றால் வெள்ளையைக் கணிசமாகக் குறைத்து நீலத்தைப் பிரதானமாக வைத்து, மொத்தத்தை 40க்கு இறக்கி, வாரத்துக்கு 5க்குமேல் ஏற்றாமல் போங்கள்.

சந்தேகமிருந்தால் ஒரு சோதனை. வெளுக்கத் தொடங்கிய, இன்னும் இளஞ்சிவப்பாக இருக்கும் ஒரு கல்லுக்கு நேர்மேலே, தொட்டியின் விளிம்பில் உள்ளங்கையளவு ஒளிபுகாத பிளாஸ்டிக் தகடு ஒன்றை இரண்டு வாரம் வையுங்கள். நிழல் விழுந்த இடம் கருஞ்சிவப்பாகத் திரும்பினால் ஒளிதான்.

இன்னொன்று. வெள்ளை என்று பொதுவாகச் சொல்லாமல், பூதக்கண்ணாடி அல்லது கைப்பேசியின் நெருக்கப் படத்தால் மூன்று இடங்களைத் தனித்தனியாகப் பாருங்கள். மேடும் வரம்பும் கலையாமல் வழவழப்பாக நிறம் மட்டும் போயிருந்தால் ஒளி அல்லது வேதியியல். ஓடே பெயர்ந்து கீறல் தெரிந்தால் ஏதோ மேய்கிறது. நேர்கோட்டில் வெட்டியதுபோல் இருந்தால் அது வேறு.

————

உவர்க்கரை

இருவருக்கும் நன்றி. இன்று முழுக்க இதே வேலை.

ரிஃப்ராக்டோமீட்டர் ஒரு நண்பரிடம் வாங்கி, அளவைத்திரவத்தில் 35 வைத்துத் தொட்டி நீரைப் பார்த்தேன். 31. ஹைட்ரோமீட்டரின் முள்ளைத் தட்டிக் குமிழியை விரட்டிவிட்டுப் பார்த்தபோது அதுவும் 1.023 காட்டுகிறது. ஹீட்டரில் பொருக்கு இருக்கிறது, நகத்தால் சுரண்டினால் தூளாக வருகிறது. எல்இடி முதல் நாளிலிருந்தே 85 சதவீதம்.

நெருங்கிப் பார்த்ததில்: கல்லின் மேல்முகம் வழவழப்பாக, வரம்புகள் அப்படியே இருக்க, நிறம் மட்டும் இல்லை. இரண்டு கல்லின் பக்கவாட்டில் ஒரு மிளகளவுக்குச் சின்னச் சின்ன நட்சத்திரக் கீறல்கள், ஐந்து கோடு ஒரு புள்ளியில் கூடுவதுபோல. பின்கண்ணாடியில் வெள்ளை ஒரு பட்டை. மேலே நீர்மட்டத்திலிருந்து 7 செ.மீ. சொச்சம் கீழே வரை, அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் நேர்கோட்டில் நிற்கிறது. கோட்டுக்குக் கீழே நிறம் நன்றாகவே இருக்கிறது.

————

பவழத்திட்டு

அப்படியானால் உங்களுக்கு வந்திருப்பது ஒரு வெளுப்பல்ல, மூன்று. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

கண்ணாடிப் பட்டை: உங்கள் தொட்டியின் பரப்பு 90×45, அதாவது 4050 சதுர செ.மீ. அதிலிருந்து 30 லிட்டர் எடுத்தால் மட்டம் 7.4 செ.மீ. இறங்கும். உங்கள் கோடு நிற்கும் இடமும் அதுதான். நீர் மாற்றும்போது அந்தப் பட்டை காற்றில் நிற்கிறது, மேலே எல்இடி எரிகிறது, பாசி காய்கிறது. கோரலைன் காற்றுபட்டால் தாங்காது, வெளிச்சமும் சேர்ந்தால் கால்மணி அரைமணி நேரமே போதும். சம்பிலிருந்து எடுத்த நாட்களில் இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம் இதுவே. மணல் உறிஞ்சத்தான் வேண்டுமென்றால் விளக்கு எரிவதற்குமுன் செய்யுங்கள். மாற்று நீரைக் கலந்து, சூடேற்றி, பம்போடு பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு குழாயைப் போடுங்கள். அல்லது ஒரு தடவைக்குப் பத்து லிட்டராக மூன்று நாளில் எடுங்கள், மட்டம் இரண்டரை செ.மீ.தான் இறங்கும்.

நட்சத்திரக் கீறல்: அது உங்கள் அர்ச்சின். கடல் முள்ளெலிக்கு அடிவாயில் ஐந்து பல், ஐந்தும் ஒரு மையத்தில் கூடும். கல்லில் வாய் வைத்த ஒவ்வொரு தடவையும் அந்த நட்சத்திரம் விழும். ட்ரோக்கஸ் நத்தையைக் குற்றம் சொல்ல முடியாது. அதன் நாக்கு மேற்படலத்தை வழிக்குமே தவிர ஓட்டைப் பெயர்க்காது. இதுவரை இல்லாமல் அர்ச்சின் இப்போது கோரலைனைச் சுரண்ட என்ன காரணம் என்று பார்த்தால் ஜிஎஃப்ஓவில் போய் முடிகிறது. பாஸ்பேட்டை உறிஞ்சிப் பூஜ்யமாக்கினீர்கள், மென்பாசிப் படலம் காய்ந்தது, அர்ச்சினுக்கு இரை போயிற்று, மிஞ்சியிருப்பது சுண்ணாம்போடு கூடிய கோரலைன்தான். உப்போ மசாலாவோ சேர்க்காத நோரித் தாள் (உலர்ந்த கடற்பாசி), தீப்பெட்டியளவு, வாரத்தில் நான்கு நாள் கல்லிடுக்கில் செருகுங்கள். காலையில் மிச்சமிருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஜிஎஃப்ஓவைக் கழற்றுங்கள். பாஸ்பேட் கூடினால் கால்சைட் கட்டுவது தடைப்படும் என்பது உண்மை. 0.1க்குமேல் போனால் முடிப்பாசி வந்து கோரலைனை மூடிவிடும் என்பதும் உண்மை. அதற்காகப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் கோரலைனுக்கும் உணவில்லை, அதுவும் ஒரு பாசிதானே. 0.03 முதல் 0.08, நைட்ரேட் 3 முதல் 10 நல்ல இடம். வண்ண அட்டை வைத்துப் பார்க்கும் கிட்டில் 0க்கும் 0.03க்கும் வித்தியாசம் தெரியாது. ஹன்னா நிறுவனத்தின் மிகக் குறைந்த அளவு பாஸ்பரஸ் செக்கர் பிபிபியில் (நூறு கோடியில் ஒரு பங்கு) காட்டும். அதை 3.066ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 15 பிபிபி என்றால் 0.046 பாஸ்பேட்.

கல்லின் மேல்முகத்தைப் பற்றி நீலவெளிச்சம் சொன்னதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. 85இல் தொடங்கியிருக்கக் கூடாது.

வெளுத்த ஓட்டைச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள். உயிருள்ள பகுதி மேலே மெல்லிய ஒரு படலம்தான், கீழே உள்ளது சுண்ணாம்பு. மேற்படலம் முழுதும் சாகாமல் இருந்தால் ஒரு மாதத்தில் விளிம்பிலிருந்தும் இடுக்கிலிருந்தும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் கிளம்பும். செத்திருந்தால் இரண்டு வாரத்தில் பச்சைப் படலம் ஏறும். அதை நத்தை பார்த்துக்கொள்ளும்.

————

முரல்மீன் (சென்னை)

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும் அண்ணா. நான் மூன்று மாதமாக மீன் மட்டும் வைத்து 120 லிட்டர் ஓட்டுகிறேன். செயற்கைக் கல், எங்கும் ஒரு புள்ளி கோரலைன்கூட இல்லை. லைவ் ராக் (கடலுயிர்கள் குடியேறிய கல்) ஒரு துண்டு போட்டால் பரவும் என்கிறார்கள். ராமேஸ்வரம் பக்கம் கரையில் நிறைய கிடக்கும், எடுத்துவரவா? நீருக்கு வீட்டு ஆர்ஓ இயந்திரம் போதுமா?

————

கிளிஞ்சல்

தம்பி, அந்தக் கல்லைத் தொடவே தொடாதீர்கள். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986இலிருந்து மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா. பூங்காவுக்கு வெளியேயும், பாறை கட்டும் பவளங்கள் 2001இலிருந்து 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. கரையில் செத்துக் கிடக்கும் துண்டும் பவளம்தான். சட்டத்தை விடுங்கள், ஒரு காலத்தில் சுண்ணாம்புச் சூளைக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டி அந்தத் திட்டுகள் பட்ட பாடு போதும். கோரலைன்தான் அங்கே உடைந்த துண்டுகளை ஒட்டவைக்கும் காரை. பல பவளக்குஞ்சுகள் இறங்கி உட்கார இடம் தேடுவதும் அதன்மேல்தான்.

உங்களுக்கு வேண்டியது கல் அல்ல, விதை. கோரலைன் ஓடிய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். வாரம்தோறும் முன்கண்ணாடியில் சுரண்டிக் கொட்டுவதில் இரண்டு சிட்டிகை போதும். அதைத் தொட்டி நீரிலேயே, காற்று படாமல், மூடிய டப்பாவில் கொண்டுவாருங்கள். கோரலைன் படர்ந்த ஓடுள்ள ஒரு நத்தை கிடைத்தால் இன்னும் நல்லது, அது நடந்த இடமெல்லாம் விதைக்கும். இரவில் விளக்கணைந்த பிறகு சுரண்டலைப் பம்பின் வாய்க்கு நேரே தூவுங்கள். ஃபில்டர் சாக்கை எடுத்துவிட்டு ஸ்கிம்மரை (நுரையால் கழிவை எடுக்கும் கருவி) மூன்று மணி நேரம் நிறுத்துங்கள், இல்லையென்றால் தூவியதெல்லாம் அங்கே போய்ச் சேரும். அதன்பின் ஆறு வாரம் பொறுமை. புதுக் கல்லில் முதலில் பழுப்பு டயாட்டம் (நுண்பாசி), பிறகு பச்சை, அதன்பின்தான் இது. பச்சை அடர்ந்திருக்கும்போது விதைத்தால் இடம் கிடைக்காமல் வீணாகும்.

வீட்டு ஆர்ஓவில் இரண்டு கோளாறு. சுவைக்காக மினரல் கேட்ரிட்ஜ் வழியாக நீரைத் திருப்பி விடுவார்கள். பல மாடல்களில் டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்பளவு) திருகு வழியாகக் கொஞ்சம் கச்சா நீரும் கலக்கும். சவ்வைத் தாண்டி வரும் குழாயிலிருந்து, மினரல் கேட்ரிட்ஜுக்கு முன்பே, ஒரு டி-இணைப்பு போட்டு எடுத்து, அதை டிஐ பிசின் குழலில் விடுங்கள். டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். சென்னை ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு கூடியது, பிசின் சீக்கிரம் தீரும். 2 காட்டியதும் மாற்றிவிடுங்கள்.

வெயில் காலத்தை மறக்காதீர்கள். தொட்டி 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் கோரலைன் வெளுக்கும். மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றில் அதுவும் முழுதாகக் கிடைக்காது, மே மாதத்துக்கு நீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் வழி. விசிறி ஓடினால் ஆவியாவதும் கூடும், ஈடுசெய்யும் நீரைத் தானியங்கியாக வைக்காவிட்டால் உப்பு தினமும் ஏறி இறங்கும்.

————

உவர்க்கரை

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். உப்பு 35 வந்துவிட்டது. பஃபர் நிறுத்திய பிறகு ஆல்க், ஒவ்வொரு நாளும் இரவு 8 மணிக்கு: 11.2, 10.8, 10.5, 10.1. இன்று 8.4. கால்சியம் 400, மக்னீசியம் 1280. எல்இடி 40. இனி ஆல்க்கைப் பிடித்து நிறுத்த இரண்டு புட்டி முறையா (ஆல்க்குக்கு ஒன்று, கால்சியத்துக்கு ஒன்று), சுண்ணாம்பு நீரா?

————

பவழத்திட்டு

முதல் நான்கு நாளில் நாளுக்கு 0.37 இறங்கியிருக்கிறது. அந்த நாட்களில் 3 லிட்டர் உப்புநீர் ஊற்றினீர்கள். அதில் 8 டிகேஎச் இருந்திருந்தால் 3×8/180, நாளுக்கு 0.13 சேர்ந்திருக்கும். ஆக உண்மையான செலவு 0.5 டிகேஎச். கூடவே 3.6 பிபிஎம் கால்சியம். 2.8 டிகேஎச்சுக்கு 20 பிபிஎம் என்ற விகிதம் மாறாது.

உங்கள் நிலைக்குச் சுண்ணாம்பு நீர் போதும், கால்சியமும் ஆல்க்கும் சரியான விகிதத்தில் சேர்ந்தே வரும். ஏசி போட்டு மூடிய அறையில் கரியமிலவாயு கூடிப் பிஎச் 7.8க்கு இறங்கிக் கிடந்தால் அதையும் கொஞ்சம் தூக்கும், கோரலைனுக்கு அது பிடிக்கும். 180 லிட்டருக்கு 0.5 டிகேஎச் தர 1.2 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு. அதை நாளுக்கான 3 லிட்டர் ஈடுநீரில் கரைத்து, இரவு விளக்கணைந்ததிலிருந்து பத்து மணி நேரத்தில் சொட்டவிடுங்கள். நிமிடத்துக்கு 5 மில்லி, ஏறக்குறைய நூறு சொட்டு. சம்பில் நீர் வேகமாக ஓடும் இடத்தில் விழட்டும். பாத்திரத்தை மூடி வையுங்கள், திறந்து வைத்தால் மேலே ஏடு படியும், அது காற்றுபட்டு வீணான சுண்ணாம்பு.

கவனம் மூன்று இடத்தில். ஒன்று, லிட்டருக்கு 1.6 கிராமுக்குமேல் கரையாது. தொட்டி வளர்ந்து செலவு கூடினாலும் 3 லிட்டரில் ஐந்து கிராமோடு உச்சம். இரண்டு, உப்புநீரில் கரைக்கக் கூடாது. மக்னீசியம் ஹைட்ராக்சைடாகவும் கால்சியம் கார்பனேட்டாகவும் பால்போலத் திரிந்துவிடும். நன்னீர் மட்டும். மூன்று, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு வேண்டாம். அதுவும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான், ஆனால் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. உணவுத் தரப் பொடியாக வாங்குங்கள். தெளிந்த கரைசலுக்கே பிஎச் 12க்குமேல் போகும், கண்ணில் தெறிக்காமல் பாருங்கள். மிதவை சுவிட்ச் சிக்கி மூன்று லிட்டரும் ஒரே மூச்சில் கொட்டினாலும் 1.2 கிராமில் பெரிய சேதம் வராது. நிறைகரைசலாக இருந்தால் தொட்டி நீர் பால்போல் கலங்கிப் பிஎச் எகிறும். செலவுக்கு மட்டும் கரைக்கச் சொல்வது அதனால்தான்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இதை யாரிடமாவது ஒப்படைக்கச் சிரமமாக இருந்தால் இரண்டு புட்டி. சமையல் சோடா லிட்டருக்கு 54 கிராம் ஒன்றில், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் லிட்டருக்கு 48 கிராம் மற்றதில். ஒவ்வொன்றிலும் நாளுக்கு 50 மில்லி, அளந்து ஊற்றும் டோசிங் பம்பில் ஆறு தடவையாகப் பிரித்து. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் விழக்கூடாது, கால்மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நீங்கள் வாங்கி வைத்த கால்சியம் புட்டி அப்போது பயன்படும், செறிவைப் பார்த்து நீர்த்துக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு இருமுறை ஆல்க், மாதத்துக்கு இருமுறை கால்சியம், ஒருமுறை மக்னீசியம். ஆல்க் 8க்கும் 8.5க்கும் இடையே நின்றால் மற்றதைத் தொட வேண்டாம். நிறம் திரும்பத் திரும்பச் செலவு கூடும், அப்போது 0.1 கிராமாக ஏற்றுங்கள்.

————

நீலவெளிச்சம்

தகடு வைத்துச் சோதித்தீர்களா? அந்தக் கல்லின் படம் போடுங்கள்.

————

உவர்க்கரை

ஆறு வாரம் ஆயிற்று. தகடு வைத்த கல்லில் நிழல் விழுந்த பாகம் மட்டும் கருஞ்சிவப்பாகத் திரும்பியிருக்கிறது, எல்லை துல்லியமாகத் தெரிகிறது. மற்ற கற்களின் வெள்ளையில் இடுக்குகளிலிருந்து கடுகளவுப் புள்ளிகள், விளிம்பில் வெள்ளையும் நடுவில் சிவப்புமாக. பின்கண்ணாடிப் பட்டையின் நேர்கோடு கலைந்து கீழிருந்து மேலேறுகிறது, விரலால் தடவினால் சொரசொரப்பு. புது நட்சத்திரக் கீறல் இல்லை, அர்ச்சின் நோரிக்கு இரவில் தானே வந்துவிடுகிறது. ஆல்க் 8.3, கால்சியம் 415, மக்னீசியம் 1290, பாஸ்பேட் 0.05. சுண்ணாம்பு இப்போது 1.4 கிராம்.

எல்இடி 60 ஆகிவிட்டது. 85 வரை போகலாமா? இன்னொன்று, சம்பிலிருந்து நீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் பம்பின் ஓட்டம் குறைந்திருக்கிறது.

————

நீலவெளிச்சம்

60லேயே நிறுத்துங்கள். மென்பவளங்கள் விரிந்து நிற்கின்றன என்றால் அவற்றுக்கு அதற்குமேல் தேவையில்லை. மேல்முகத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று கூடி மூடும்வரை ஒரு சதவீதமும் ஏற்ற வேண்டாம். தகட்டையும் இப்போது சட்டென்று எடுக்காதீர்கள். முதல் வாரம் நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் விலக்கி வையுங்கள், அடுத்த வாரம் நான்கு.

————

பவழத்திட்டு

பம்பு: ஹீட்டரில் பார்த்த அதே பொருக்குதான் சுழலியிலும். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு வெளியே எடுத்து, முன்மூடியைக் கழற்றி, சிட்ரிக் அமிலம் லிட்டருக்கு 50 கிராம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். நுரைத்துக் கரையும். காந்தத் தண்டைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்னீரில் இரண்டு தடவை அலசிப் பொருத்துங்கள். சுரண்ட இரும்பு எதுவும் வேண்டாம், பீங்கான் தண்டு சட்டென்று உடையும். பம்பின் வெளிமுதுகில் இருக்கும் கோரலைன் அமிலத்தில் போய்விடும். ஊறப்போடும்முன் அதை ஒரு பிளாஸ்டிக் அட்டையால் தொட்டி நீருள்ள கிண்ணத்தில் சுரண்டி எடுத்து, இரவு கண்ணாடிப் பட்டைக்கு எதிரே தூவிவிடுங்கள்.